மூவிங் பிக்சர்ஸ்: ரொறன்ரோக்காரர் மூவரின் அல்பம்

ரஷ் என்ற ராக் இசைக்குழுவின் பெயரை நான் முதலில் கேட்டது ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் ஒரு தொழிற்சாலையின் இரவு வேலையில்தான். பக்கத்து மெஷினில் நின்ற கனடியர் ஒருவர் ஒரே கசெற்றைத் திரும்பத் திரும்பப் போடுவார். 1981 பெப்ரவரியில் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்'. எனக்கு அதுவரை பழக்கமான ஆங்கிலப் பாட்டுகள் எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிகிறவை. இதில் பாடகரின் குரல் எங்கோ உச்சியில் நிற்கும், டிரம்ஸ் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. கொஞ்ச நாள் பொறுத்துத்தான் காதுக்குள் போனது.

வழி திறந்துவிட்டது 'வை-வை-ஸெட்'. வரிகளே இல்லாத, நாலரை நிமிடமளவிலான வாத்திய இசை. பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டேன். "நீ வந்து இறங்கினபோது பெட்டியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்க்கவில்லையா?" என்றார். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடு அது. விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி அந்த மூன்று எழுத்தையும் புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத்தான் அப்படியே தாளமாக்கியிருக்கிறார்கள்.

புள்ளியைக் குறிலாகவும் கோட்டை நெடிலாகவும் எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். நெடில், குறில், நெடில், நெடில். மறுபடியும் அதே. அப்புறம் நெடில், நெடில், குறில், குறில். ஏழு மாத்திரை, ஏழு மாத்திரை, ஆறு மாத்திரை, மொத்தம் இருபது. மிருதங்கம் பழகும் என் மகள் இதைக் கேட்டுவிட்டுக் கையால் போட்டுப் பார்த்து, "அப்பா, இது கண்ட ஏகம்தானே?" என்றாள். ஐந்து அடி, அடிக்கு நாலு. சரியாகத்தான் பிடித்தாள். நடுவில் பேஸ் கிற்றாரும் டிரம்ஸும் மாறி மாறிப் பேசும் இடத்தில் படாரென்று ஒரு சத்தம் கேட்கும். டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் ஒரு பிளைவுட் பலகையை மரக் கதிரையில் அடித்து எடுத்தது அது.

மொன்றியலுக்கு வடக்கே, மொரின் ஹைட்ஸ் என்ற மலையூரில், ஏரிக்கரையில் இருந்த 'லு ஸ்டூடியோ'வில் 1980 இலையுதிர் காலத்தில் ஒலிப்பதிவு செய்தார்கள். விற்பனைப் பட்டியலில் அல்பத்துக்குக் கனடாவில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது. வானொலிக்காகப் பாட்டைச் சுருக்கிவிட்டார்கள் என்று குறை சொல்கிற பழைய ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'ரெட் பார்செட்டா'வில் ஆறு நிமிடமளவில் ஒரு முழுக் கதை ஓடுகிறது. தடை செய்யப்பட்ட பழைய கார் ஒன்றை ஓர் இளைஞன் களவாக எடுத்து ஓட்டும் கதை. எதைச் சுருக்கினார்கள்?

இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அறிந்த பிறகுதான் எனக்கு இந்த அல்பம் முழுசாக நெருங்கியது. பாடி, பேஸும் கீபோர்டும் வாசிக்கும் கெடி லீயின் பெற்றோர் போலந்து யூதர்கள். நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பிக் கனடா வந்தவர்கள். லீ சிறுவனாக இருந்தபோதே தகப்பன் இறந்துவிட, தாய் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். கிற்றார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சன் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த சேர்பியக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் ரொறன்ரோவின் வடக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கூட்டாளிகள். இங்கே எங்கள் பிள்ளைகளின் வகுப்பறையில் இருப்பதும் இதே சேர்க்கைதான்.

2010 கோடையில் அவர்கள் இந்த அல்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மேடையில் வாசித்தார்கள். ரொறன்ரோ ஏரிக்கரைத் திறந்தவெளி அரங்கில் நானும் நின்றேன். 'டாம் சாயர்' தொடங்கியதும் எழுந்த கூட்டம் அப்புறம் உட்காரவே இல்லை. அடுத்த மாதம் சன் சீ கப்பல் தஞ்சம் தேடிய 492 இலங்கைத் தமிழர்களோடு கனடாவின் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. வந்தவர்களைத் தடுத்து வைத்தார்கள். காரில் வானொலியைத் திருப்பினால், இவர்கள் ஆபத்தானவர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்களில்தான் 'விட்ச் ஹன்ட்' எனக்கு வேறாகக் கேட்டது. பந்தம் ஏந்திய கும்பலைப் பற்றிய பாட்டு. அந்நியரும் குடியேறியவரும் நம்மை அழிக்க வந்தவர்கள் என்று சொல்லிப் பயத்தைக் கிளப்புகிறவர்களைப் பெயர் சொல்லாமல் காட்டுகிறது. வரிகள் பியர்ட் எழுதியவை. அதை லீ பாடுகிறார், முகாமில் இருந்து தப்பியவர்களின் மகன். பாட்டின் முதலில் கேட்கும் கும்பல் இரைச்சல், குழுவினரும் உதவியாளர்களும் ஸ்டூடியோவுக்கு வெளியே குளிரில் நின்று கத்தியது. எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்த இரைச்சல் உறுத்தத்தான் செய்கிறது. அந்த ஆகஸ்டில் எங்களைப் பற்றி யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இத்தனைக்கும் அது 30 வருடப் பழைய பாட்டு.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மொத்தம் 40 நிமிடம்தான், வரிசையைக் குலைக்காமல் கேளுங்கள். நியூயோர்க்கையும் லண்டனையும் சுற்றிவரும் 11 நிமிட 'த கேமரா ஐ' நீளம் என்று தாண்டிவிடாதீர்கள். அந்த வெளிச்சமான தெருக்களில் நடந்துவிட்டு வந்தால்தான் அடுத்து வரும் 'விட்ச் ஹன்ட்' உறைக்கும்.