எட்டாவது நகர்வில் தப்பித்த ஆட்டம்

செஸ்ஸில் பக்கவாட்டு ஓப்பனிங் (நடுச் சிப்பாயைத் தள்ளாமல் பக்கத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவது) அனுபவம் என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரு ரேட்டிங் டோர்னமென்ட்டின் நாலாவது ரவுண்டுதான். எனக்கு வெள்ளை. எதிரே பதினோரு வயதுப் பையன். நான் முதல் நகர்வாகச் சிப்பாயை பி3 கட்டத்தில் வைத்தேன் (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்).

நிம்சோ-லார்சன் என்ற இந்தத் தொடக்கத்தை நான் விரும்ப ஆரம்பித்ததே, டென்மார்க் கிராண்ட்மாஸ்டர் லார்சன் இதை ஆடித் தோற்ற ஆட்டத்தைப் பார்த்துத்தான். 1970, பெல்கிரேடு. சோவியத் அணிக்கு எதிராக உலக அணியின் முதல் போர்டில் அவர். எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. 17 நகர்வில் முடிந்துவிட்டது! அதில் லார்சனின் எஃப்3 குதிரையை ஸ்பாஸ்கி ஈ4 தள்ளி விரட்டுவார். அதனால் நான் குதிரையை அவசரப்பட்டு எடுப்பதில்லை. மூணாவது நகர்வே ஈ3.

பையன் ஈ5, குதிரை சி6, டி5 என்று மையத்தைப் பிடித்தான். என் ஒரு மந்திரி ஏற்கெனவே பி2-ல் இருந்தது; இன்னொன்றை பி5-ல் வைத்தேன்; அவன் தன் மந்திரியை டி6-ல் வைத்தான். என் அஞ்சாவது நகர்வு, சிப்பாய் எஃப்4. அவன் ராணியை ஈ7-க்குக் கொண்டுவந்திருந்தால் நல்ல சண்டை நடந்திருக்கும். அவன் சட்டென்று ஈ5 சிப்பாயால் எஃப்4-ஐ வெட்டினான். பி2 மந்திரிக்கு வழி திறந்தது. ஜி7 சிப்பாயை வெட்டி ஹெச்8 யானையின் மேல் போய் நின்றது.

அவன் ராணி ஹெச்4, செக். என் ராஜா எஃப்1. அடுத்து அதே சிப்பாயால் என் ஈ3 சிப்பாயையும் வெட்டினான்.

இங்கேதான் என் கை குதிரையை நோக்கிப் போனது. எஃப்3-ல் வைத்தால் ராணிக்கு அடி, காயும் வெளியே வந்துவிடும், அடுத்து யானை எனக்கு. எவ்வளவு இயல்பான நகர்வு! விரல் படுவதற்குள் கண்ணில் பட்டது: ராணி எஃப்2, மேட். ஈ3-ல் நிற்கும் அவன் சிப்பாய் காவல் இருக்கிறது, ராஜா வெட்ட முடியாது. எஃப்3 குதிரை அந்த வழியை மறைக்கவும் செய்யாது. தொட்டிருந்தால் அந்தக் குதிரையைத்தான் ஆடியாக வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ராணி ஈ1. ராணிகள் மாறின, அவன் டி2-ஐ செக்கோடு வெட்டினான், நான் குதிரையால் திருப்பி எடுத்தேன், யானையும் விழுந்தது. மிச்சம் சாதாரண ஆட்டம். முப்பது நகர்வுக்குள் ரிசைன் செய்தான்.

வெளியே வந்ததும் கேட்டான்: "அங்கிள், குதிரை வைப்பீங்கன்னு நினைச்சேன். எப்படிப் பார்த்தீங்க?" இரண்டு பேரும் திரும்ப காய்களை அடுக்கினோம்.