புதுப்பிப்பு: அமானேயின் சிக்கல் கூச்சம் அல்ல

'தி ஏஞ்சல் நெக்ஸ்ட் டோர்' (2023) என்ற ஜப்பானியக் காதல் அனிமேயின் நாயகன் அமானே உப்புச்சப்பில்லாதவன் என்ற முந்தைய பதிவுக்கு, "அவன் கூச்ச சுபாவி, அவ்வளவுதான்" என்று பதில்கள் வந்தன. 12 எபிசோடும் பார்த்தாச்சு. ஒத்துக்கொள்ள முடியவில்லை.

'ட்சுகி கா கிரெய்' (2017) அனிமேயின் நாயகன் கொத்தாரோ இவனைவிடப் பேசாதவன். ஆனால் கதை எழுதுகிறான், ஜப்பானிய எழுத்தாளர் தசாய் ஒசாமுவை மேற்கோள் காட்டுகிறான், அறையில் தொங்கும் விளக்குக் கயிற்றோடு குத்துச்சண்டை போடுகிறான். நாயகி இல்லாத காட்சியிலும் ஆள் இருக்கிறான். அமானேக்கு அப்படி எதுவும் இல்லை. மழையில் நாயகி மஹிருவுக்குக் குடை கொடுத்ததோடு சரி; பிறகு சமைப்பது மஹிரு, கடைசி எபிசோடின் விளையாட்டு விழாவில் எல்லோர் முன்பும் கைபிடித்து இழுத்துப் போவதும் மஹிருதான். அமானேயை நண்பர்கள் ஏமாற்றிய பழைய காயம் கதைக்கு நல்ல சரக்கு. ஆனால் மஹிரு ஆறுதல் சொன்னதும் கரைந்துவிடுகிறது.