தலையைத் திருப்பினால் சத்தமும் கூடவே வருகிறது: தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: ஆற்றங்கரை_விஆர்

யூனிட்டியில் (கேம், விஆர் உருவாக்கும் மென்பொருள்) ஒரு ஆற்றங்கரை விஆர் சீன். ஹெட்செட் 72 ஹெர்ட்ஸ், ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் (ஒரே தடவையில் கணக்கிட்டு அனுப்பும் ஆடியோத் துண்டு) 1024 சாம்பிள். கேட்பது ப்ளூடூத் இயர்பட்ஸில். பின்னணிக்கு நான்கு சேனல் ஆம்பிசோனிக் (சுற்றிலும் எல்லாத் திசைச் சத்தத்தையும் சேர்த்துப் பதியும் முறை) ஆற்றுச் சத்தம். படகு மோட்டாரும் பம்ப்செட்டும் மோனோ சோர்ஸ் (ஒரே இடத்திலிருந்து வரும் ஒற்றைச் சேனல் சத்தம்). சொந்தமாக எழுதிய எச்ஆர்டிஎஃப் (ஒரு திசைச் சத்தம் இரு காதையும் எப்படி எட்டும் என்பதைச் செய்துகாட்டும் ஃபில்டர்) கோட் வழியாகப் போகின்றன. தொல்லை மூன்று:

1. தலையை வெடுக்கென்று திருப்பினால் மோட்டார் சத்தம் தலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தலை நின்ற பிறகுதான் நழுவித் தன் இடத்துக்குப் போகிறது.
2. பம்ப்செட்டைத் தாண்டி நடக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்கிறது.
3. ஆறு கண்ணெதிரே இருக்க, சத்தம் இடப்பக்கம் வருகிறது. இடப்பக்க மரத்துக் குருவியோ உச்சந்தலையில் கூவுகிறது.

பஃபரை 256 ஆக்கியும் முதல் தொல்லை குறையவில்லை.

பதில் 1: டிலேலைன்

ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு வயர் ஹெட்போனில் கேளுங்கள், முதல் தொல்லையில் முக்கால்வாசி போய்விடும். சாதாரண ப்ளூடூத் ஆடியோ 150 முதல் 250 மில்லிநொடி வரை தின்னும். வெடுக்கென்று திரும்பும் தலை நொடிக்கு 200 பாகை வேகத்தைத் தொடும். 200 மில்லிநொடித் தாமதத்தில் சத்தம் 40 பாகை பின்தங்கி நிற்கும். பஃபரை 1024-இலிருந்து 256-க்கு இறக்கினால் 21.3 மில்லிநொடி 5.3 ஆகிறது, அவ்வளவுதான். மிச்சம் 16 மில்லிநொடி, அதாவது 3 பாகை. 40-இல் 3 குறைந்தால் காதுக்கு எப்படித் தெரியும்?

இயர்பட்ஸிலோ அது இணைந்திருக்கும் சாதனத்திலோ 'ஸ்பேஷியல் ஆடியோ' ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே இரு காதுக்கும் பிரித்துக் கொடுத்ததை அது இன்னொரு முறை பிரிக்கும். அதற்கே சொந்தமாக ஹெட் டிராக்கிங் இருந்தால் சுழற்சியும் இரண்டு முறை விழும்.

வயரில் மொத்தத் தாமதத்தை 60 மில்லிநொடிக்குக் கீழே கொண்டுவந்தால் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஏஆரில் (நிஜ உலகின் மேலேயே காட்சியையும் சத்தத்தையும் சேர்ப்பது) இந்தக் கணக்கு போதாது. பக்கத்தில் நிஜச் சத்தம் ஒன்று ஒப்பிடக் கிடைப்பதால் காது கறாராகிவிடும்.

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். தலை 1 பாகை திரும்பியதும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கிளம்பும்படி ஒரு சின்ன சீன் போதும். ஹெட்செட்டை மேசையில் வைத்து, ஹெட்போனை ஒட்டி ஒரு மைக் வைத்து, ஹெட்செட்டின் விளிம்பைப் பேனாவால் தட்டுங்கள். ரெக்கார்டிங்கில் 'டொக்' வரும், கொஞ்சம் தள்ளி 'ஸ்ஸ்' வரும். அந்த இடைவெளிதான் உங்கள் தாமதம். ஒரு தட்டை நம்பாதீர்கள். ஃபிரேம், பஃபர் எல்லைகளில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் எண் மாறும். பத்து முறை தட்டி நடு மதிப்பை எடுங்கள்.

பதில் 2: செவிவழி

மேலே சொன்னதோடு ஒன்று. தாமதத்தைச் சரிக்கட்ட முன்கணிப்பு (தலை அடுத்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது) போடச் சொல்லி யாராவது வருவார்கள். கேமராவின் நிலை, திரை ஒளிரப்போகும் நேரத்துக்கு ஏற்கெனவே முன்கணித்ததுதான். அதன் மேல் நீங்களும் சுழல்வேகத்தைப் பெருக்கிக் கூட்டினால் தலை நிற்கும்போது சத்தம் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்த் திரும்பும். ஓபன்எக்ஸ்ஆரில் (விஆர், ஏஆர் சாதனங்களுக்கான பொது இடைமுகம்) நிலையைக் கேட்கும்போது நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். அங்கே ஆடியோ வெளிவரும் நேரத்தைக் கொடுப்பதே முறை. 40, 50 மில்லிநொடிக்கு மேல் முன்கணிப்பு உதவாது. ப்ளூடூத்தின் 200-ஐ அதனால் மறைக்கவே முடியாது.

'டிக்' விஷயம்: 1 மீட்டர் தள்ளி, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பம்ப்செட்டைக் கடந்தால் நேர் எதிரே வரும்போது கோணம் நொடிக்கு 57 பாகை மாறும். எச்ஆர்டிஎஃப் 5 பாகைக் கட்டமாக இருந்து, அருகிலுள்ள ஒன்றை மட்டும் எடுத்தால் நொடிக்குப் பதினோரு டிக். எண்ணிப் பாருங்கள், பொருந்தினால் அதுதான் காரணம். எண்ண முடியாமல் ஒரே சீராகக் கரகரவென்று அரைத்தால் கெயின் (சத்த அளவு) தாவுகிறது. அதைச் சாம்பிளுக்குச் சாம்பிள் நகர்த்துங்கள்.

பழைய ஃபில்டர், புது ஃபில்டர் இரண்டிலும் அதே பஃபரை ஓட்டி கிராஸ்ஃபேட் செய்தால் (ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதை ஏற்றினால்) டிக் போகும். ஆனால் இரண்டு திசைகளை அப்படியே கலந்து இடைத்திசை உண்டாக்காதீர்கள். காதுகளுக்கு இடையிலான நேர வித்தியாசம் முன்பக்கத்தில் 5 பாகைக்குச் சுமார் 2 சாம்பிள் மாறும், 15 பாகை என்றால் 6. 6 சாம்பிள் தள்ளிய இரண்டைச் சரிபாதி கலந்தால் 4 கிலோஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்து சத்தம் குழாய்க்குள் போன மாதிரி ஆகும். தாமதத்தை ஃபில்டரிலிருந்து உரித்துத் தனி டிலே லைனில் (சத்தத்தைத் தாமதப்படுத்தித் தரும் பகுதி) பின்ன சாம்பிளாக, அதாவது ஒரு சாம்பிளுக்கும் குறைந்த அடிகளில், நகர்த்துங்கள். மீதி ஃபில்டரை மட்டும் கலக்கலாம்.

ஆற்றங்கரை_விஆர்

வயரில் மாற்றியதும் நடு மதிப்பு 58 மில்லிநொடி. மோட்டார் நகராமல் நிற்கிறது. டிக்கும் எண்ணிக்கையில் பொருந்துகிறது, தாமதத்தைப் பிரித்து எழுதுகிறேன். குருவி இன்னும் உச்சந்தலையில்தான்.

பதில் 3: டிலேலைன்

சேனல் வரிசை. உங்கள் ஃபைல் பழைய ஃபுமா முறை: டபிள்யூ (எல்லாத் திசையும்), எக்ஸ் (முன்), ஒய் (இடப்பக்கம்), இசட் (மேல்). டீகோடர் எதிர்பார்ப்பது ஆம்பிஎக்ஸ்: டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். மாறிப் படித்தால் முன் இடப்பக்கமாகும், இடப்பக்கம் மேலாகும், மேல் முன்னாகும். நீங்கள் சொன்னது அதே அடையாளம். வரிசையை மாற்றுங்கள், ஃபுமாவில் டபிள்யூ 3 டெசிபெல் குறைவாக இருக்கும் என்பதால் அதை உயர்த்துங்கள்.

சுழற்சியை நீங்களே எழுதினால்: தலை இடப்பக்கம் திரும்பிய கோணத்துக்கு, புது எக்ஸ் = எக்ஸ் × கோசைன் + ஒய் × சைன்; புது ஒய் = ஒய் × கோசைன் − எக்ஸ் × சைன். குறி தப்பினால் சத்தம் எதிர்ப்பக்கம் ஓடும். 180 பாகை திருப்பிச் சோதிக்காதீர்கள், அங்கே சரியும் தப்பும் ஒரே இடத்தில் விழும். 90 வைத்துப் பாருங்கள். யூனிட்டியில் முன் என்பது இசட், வலம் என்பது எக்ஸ்; ஆம்பிசோனிக்கில் முன் எக்ஸ், இடப்பக்கம் ஒய். குழப்பம் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பதில் 4: செவிவழி

அந்த ஆற்று ரெக்கார்டிங் தலை திரும்புவதற்கு மட்டும்தான் அசையும், நடப்பதற்கு அசையாது. 10 மீட்டர் தள்ளியுள்ள சத்தத்துக்கு நீங்கள் 1 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் 6 பாகைக்கும் குறைவு, யாரும் கவனிக்க மாட்டார்கள். 2 மீட்டரில் அதுவே 27 பாகை. ஆகவே கரையோரச் சலசலப்பை மோனோ சோர்ஸாகப் பிரித்து வைத்து, தூரத்து இரைச்சலை மட்டும் நான்கு சேனலில் விடுங்கள்.

சீனில் டெலிபோர்ட் இருக்கிறதா? தூரத்துக்கும் டிலே லைன் போட்டிருந்தால் 10 மீட்டர் தாவும்போது 29 மில்லிநொடி ஒரே அடியாக மாறி 'ச்சியூங்' என்று கத்தும். அந்த ஒரு தருணத்தில் டிலேயை நகர்த்தாமல், பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் 30 மில்லிநொடி கிராஸ்ஃபேட் கொடுங்கள்.