பாலத்து ஸ்ட்ரெயின் கேஜ் மதியம் ஆனா ஏறுது, அவசர உதவி

கல்லல்_சிவில்: கண்மாய் வரத்துக்கால் பாலத்துல ஸ்ட்ரெயின் கேஜ் (இழுபடுறத, அமுங்குறத மின்தடை மாற்றத்த வச்சு அளக்குற பட்டை) ஒட்டியிருக்கோம். காலைல பூஜ்யம் வச்சா மதியம் 200 தாண்டுது, ராத்திரி இறங்கிடுது. லாரி எதுவும் போகல. திங்கக்கிழமை ரிவ்யூ. பாலத்துல கோளாறா, கேஜ் போச்சா?

ஓம்விதி: 200 மைக்ரோஸ்ட்ரெயினா (நீளத்துல பத்து லட்சத்துல 200 பங்கு மாற்றம்), இல்ல எச்எக்ஸ்711 அளவுச் சிப் தர்ற வெறும் எண்ணா? கேஜ் எத்தனை ஓம்? வயர் ரெண்டா மூணா?

பழையபாலம்: கேஜ் நீளம் என்ன தம்பி? கான்கிரீட்டுல 5 மி.மீ. கேஜ் ஒட்டினா ஒரு ஜல்லியோட சேதியத்தான் சொல்லும். 60 மி.மீ.யாவது வேணும்.

சோலார்மணி: பேட்டரிதான். மதியம் சோலார் பேனல் வோல்டேஜ் ஏறுதுல்ல, அது உள்ள வருது.

ஓம்விதி: எச்எக்ஸ்711 அதே வோல்டேஜோட ஒப்பிட்டுத்தான் அளக்குது. சப்ளை ஏறினா இவ்வளவு வராது.

அளவியல்: வயரிங் படம்கூடப் போடாம அவசரம்னு எழுதுறது இங்க வழக்கமாப் போச்சு. குவார்ட்டர் பிரிட்ஜ்னா என்னன்னு படிச்சிட்டு வந்து கேளுங்க.

கல்லல்_சிவில்: மைக்ரோஸ்ட்ரெயின்தான் சார். 120 ஓம், குவார்ட்டர் பிரிட்ஜ் (நாலு ரெசிஸ்டர் சுற்றுல ஒண்ணு மட்டும் கேஜ்), ரெண்டு வயர். அளக்குற பெட்டி கரையில இருக்கு.

ஓம்விதி: அப்ப வயரப் பாருங்க. தாமிரத்தோட மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். போக வர 1 ஓம் வயர் 10 டிகிரி சூடானாலே 160 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்யா காட்டும். கேஜப் பிரிச்சிட்டு அதே முனையில 120 ஓம் பிரிசிஷன் ரெசிஸ்டர் போட்டு ஒரு பகல் விடுங்க. சாதா கார்பன் ரெசிஸ்டர் வேணாம், வெயில்ல அதுவே ஓடும். அப்பவும் ஏறினா கேஜ் மேல பழி இல்ல, வயரோட மாற்றத்தக் கழிக்க மூணாவது வயர் இழுத்துருங்க.

பழையபாலம்: வயர் மட்டும்னு முடிச்சிராதீங்க. மேல்தளம் வெயில்ல விரியுது, அடிப்பக்கம் நிழல்ல கிடக்கு. பாலம் நிஜமாவே லேசா மேல வளையும். கேஜ் பக்கத்துலயே வெப்பநிலை சென்சார் ஒண்ணு வச்சு ரெண்டையும் சேர்த்துப் பதிஞ்சாத்தான் வெயில் எது, பாரம் எதுன்னு பிரிக்க முடியும்.

தொண்டிக்கரை: கடல் பக்கம் ஸ்ட்ரெயின விட கம்பி துருதான் முதல்ல பாக்கணும். காரைக்குடியில சிக்ரிய (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வச்சுக்கிட்டு யாரும் அதப் பேசலயே? ஹாஃப் செல் (கம்பியோட மின்னழுத்தத்த ஒப்பிட்டு அளக்குற எலெக்ட்ரோடு) வச்சு அளந்து -350 மில்லிவோல்ட்டுக்குக் கீழ போனா 90 சதவீதம் துருதான்.

பழையபாலம்: காப்பர் சல்பேட் எலெக்ட்ரோடு வச்சா அந்தக் கணக்கு. அதுவும் துருவுக்கான வாய்ப்பத்தான் சொல்லும், அரிக்கிற வேகத்த இல்ல. தண்ணியில மூழ்கின தூண்ல ஆக்சிஜன் போகாததால எண் இன்னும் கீழ போகும், துரு அவ்வளவா இருக்காது.

தொண்டிக்கரை: அலை ஏறி இறங்குற இடத்துல அளங்கண்ணே. அரிப்பே அங்கதான்.

அளவியல்: கேள்வி கண்மாய்ப் பாலத்தப் பத்தி.

கல்லல்_சிவில்: ரெசிஸ்டர் போட்டும் ஏறுச்சு. மூணு வயர் ஆக்கினதும் மதியம் 40 கிட்ட நிக்குது. வெப்பநிலை சென்சார் வாங்கப் போறோம். நன்றிண்ணே.

பழையபாலம்: கேஜ் நீளம் இன்னும் சொல்லலயே தம்பி?