புதுப்பிப்பு: பழைய காரின் பெல்ட் சத்தம் நின்றது

காலையில் இன்ஜினை இயக்கியதும் என் பழைய காரின் டிரைவ் பெல்ட் (இன்ஜின் விசையால் ஆல்டர்னேட்டர், ஏசி போன்றவற்றைச் சுழற்றும் பெல்ட்) கீச்சிடுகிறது, ஏசியைப் போட்டால் அதிர்ந்து ஆடுகிறது, புதிய பெல்ட் மாற்றியும் இரண்டே வாரத்தில் அதே சத்தம் திரும்பிவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். குறை பெல்ட்டில் இல்லை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் இருந்தது.

இன்ஜின் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பள்ளப் பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்குமாறு உங்களில் ஒருவர் கூறியிருந்தார். சத்தம் சற்று நேரம் அடங்கித் திரும்பினால் புல்லிகள் (பெல்ட் சுற்றிவரும் சக்கரங்கள்) நேர்கோட்டில் இல்லை என்றும், கூடினால் இழுவிசை போதாமல் பெல்ட் வழுக்குகிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். எனக்குக் கூடியது. டார்ச் ஒளியில் கவனித்தபோது, ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டிய டென்ஷனரின் கை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெல்ட் செல்லும் பாதையைத் தாளில் வரைந்துகொண்ட பிறகே (இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்) பெல்ட்டை எடுத்து, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றினேன். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் புல்லி ஓசையின்றிச் சுழன்றது. பெல்ட்டைப் பாதையில் செலுத்த மட்டும் உதவும் ஐட்லர் புல்லியின் பேரிங்கோ, உள்ளே மணல் அரைபடுவதுபோல் விரல்நுனியில் உறுத்தியது. டென்ஷனரையும் ஐட்லரையும் மாற்றினேன். வழுக்கி வழுக்கிப் பளபளப்பேறியிருந்த பெல்ட்டையும் மீண்டும் மாற்ற வேண்டியதாயிற்று.

மூன்று வாரங்களாக, ஏசியும் முகப்பு விளக்குகளும் ஒருசேர எரியும்போதுகூடச் சத்தமில்லை. கார் நின்றபடி இன்ஜின் ஓடும்போது மெல்லிய அதிர்வு மட்டும் மிஞ்சியிருப்பதால், பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் ரப்பர் வளையத்தில் விரிசல் உள்ளதா என்று அடுத்துப் பார்க்கவிருக்கிறேன்.