கோட்டை கட்டிய பறங்கிக்குச் சொந்த ஊரில் யார் காவல்?

மூன்றுசில்லு:
வணக்கம். திருமலையில் ஓட்டோ ஓட்டுகிறேன். போன கிழமை ஒரு வெள்ளைக்காரச் சோடியைக் கோணேசர் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கோட்டை வாசலில் இரட்டை மீன் கல்லைக் காட்டி, "கோயிலை உடைத்த கல்லில்தான் போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள்" என்று எப்போதும் சொல்கிறதைச் சொன்னேன். அந்த மனிதரின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. தாங்கள் போர்த்துக்கல்காரர் என்றும், அந்தக் காலத்தில் தங்களுக்கே ராசா ஸ்பெயின்காரன்தான் என்றும் சொன்னார். அதற்குள் ஒரு மான் வந்து அவருடைய மனைவியின் கையிலிருந்த கச்சான் சரையைப் பறித்ததில் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தால் போர்த்துக்கல் ஒரு ஓரத்துத் துண்டு, மிச்சமெல்லாம் ஸ்பெயின். அவ்வளவு பெரிய அயலவன் பக்கத்தில் இருக்க இது முன்னூறு நானூறு வருடம் எப்படித் தனி ராச்சியமாகத் தப்பியது? பிறகு ஏன் விழுந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புவெளிக்காரன்:
இங்கிலாந்துதான் காரணம், அண்ணா. 1373இல் முதல் ஒப்பந்தம், 1386இல் வின்ட்சர் ஒப்பந்தம். ஒருவனை அடித்தால் மற்றவன் வருவான் என்பதுதான் பேச்சு, உலகத்தில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஆகப் பழைய கூட்டு அதுதான் என்கிறார்கள். 1385இல் அல்ஜுபரோட்டாச் சண்டையில் ஆங்கிலேய வில்லாளிகள் போர்த்துக்கேயரோடு நின்றார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்து இளவரசர் ஜோன் ஒஃப் கோண்ட் படையோடு வந்து இறங்கினார், 1387இல் அவருடைய மகள் பிலிப்பாவைப் போர்த்துக்கல் அரசர் முதலாம் ஜுவாவ் கட்டினார். பெரிய அண்ணன் பின்னால் நின்றால் அயலவன் வாலாட்டமாட்டான், அவ்வளவுதான் விஷயம்.

பழங்கணக்கு:
உப்புவெளித் தம்பி சொல்வது பாதிதான் சரி. பெரிய அண்ணன் எப்படிப்பட்டவன் என்று 1381ஐப் பார்த்தால் தெரியும். அப்போது ஸ்பெயின் என்று ஒரு நாடே இல்லை, இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட கஸ்டீல் ராச்சியம்தான் பக்கத்தில் இருந்தது. போர்த்துக்கல் அரசர் பெர்னாண்டோ கஸ்டீலோடு மூன்று முறை மோதினார், மூன்றிலும் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை இங்கிலாந்துப் படை உதவிக்கு வந்தது. வந்த படை எதிரியை அடித்ததைவிடத் தங்கியிருந்த போர்த்துக்கேய ஊர்களைக் கொள்ளையடித்ததுதான் அதிகம். வெறுத்துப்போன பெர்னாண்டோ 1382இல் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கஸ்டீலோடு சமாதானம் பேசினார். ஆங்கிலேயப் படையைக் கஸ்டீல்காரனின் கப்பல்களிலேயே ஏற்றி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

இதற்குள் அவருடைய ஒரே மகள் பெயாட்ரிஸின் கதையைப் பாருங்கள். பத்து வயதுச் சொச்சம் பிள்ளை. ஆங்கிலேயப் படைத்தலைவனின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள், சமாதானம் வந்ததும் அதை முறித்துவிட்டுக் கஸ்டீல் பக்கம் பேசினார்கள், கடைசியில் 1383 மே மாதம் கஸ்டீல் அரசருக்கே கட்டிவைத்தார்கள். ஒக்டோபரில் பெர்னாண்டோ செத்துப்போனார். மருமகன் உடனே "மனைவியின் சொத்து என் சொத்து" என்று படையோடு கிளம்பிவிட்டார். அவரை எதிர்த்து நின்றவர்தான் பிறகு அரசரான அந்த ஜுவாவ்.

1384இல் லிஸ்பனை அவர் மாதக்கணக்கில் முற்றுகை போட்டார், ஆற்றையும் கப்பலால் அடைத்தார். ஊரைக் காப்பாற்றியது மதில். 1373இல் கஸ்டீல்காரர் லிஸ்பனுக்குள் வந்து எரித்துவிட்டுப் போனதற்குப் பிறகுதான், ஆற்றோரம் உட்படச் சுற்றிப் புது மதில் எழுப்பினார்கள், அதுவும் ஏறத்தாழ இரண்டே வருடத்தில். பெர்னாண்டோ செய்த ஒரே புத்தியான வேலை அதுதான் என்பேன். மற்றது கொள்ளைநோய். கஸ்டீல் பாசறையில் அது பரவி ஆட்கள் விழத் தொடங்கியதும் செப்டம்பரில் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றுசில்லு:
சேர், அப்படியென்றால் அந்த அல்ஜுபரோட்டா? அங்கேயும் வெள்ளைக்கார வில்லாளிகளுக்குப் பெரிய வேலை இல்லையா?

பழங்கணக்கு:
இருந்தது, ஆனால் அவர்கள் சில நூறு பேர்தான். போர்த்துக்கேயப் பக்கம் எல்லாமாக ஏறக்குறைய 6,500 பேர், எதிரே 30,000 வரை சொல்கிறார்கள். நூனோ அல்வாரஸ் பெரெய்ரா என்ற தளபதி, இரண்டு பக்கமும் நீரோடை இறங்குகிற ஒடுக்கமான மேட்டில் ஆட்களை நிறுத்தி, முன்னால் குழியும் பள்ளமும் வெட்டிவைத்தார். பெரிய படையாக இருந்தும் ஒரே நேரத்தில் முன்னுக்கு வரக்கூடியவர்கள் கொஞ்சப்பேர்தான், பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களை நெரித்தார்கள். 1385 ஓகஸ்ட் 14, பின்னேரம், பொழுதுபடும்போது கதை முடிந்துவிட்டது. (தப்பியோடிய ஏழு பேரைப் பாண் போறணைக்காரி ஒருத்தி பாண் எடுக்கிற நீளப் பலகையால் அடித்துக் கொன்றாள் என்று ஒரு கதையும் உண்டு, அது கர்ணபரம்பரைக் கதை, ஆனால் கேட்க நன்றாக இருக்கும்.)

வின்ட்சர் ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதிலும் போர்த்துக்கல் தன் செலவில் பத்துப் போர்க்கப்பலை ஆறு மாதத்துக்கு இங்கிலாந்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, காவல் ஒன்றும் சும்மா வரவில்லை. ஜோன் ஒஃப் கோண்ட் வந்ததும் கஸ்டீல் முடியைத் தனக்கு எடுக்கத்தான். அது சரிவரவில்லை என்றதும் 1388இல் பெருந்தொகைப் பணத்தை வாங்கிக்கொண்டு, இன்னொரு மகளைக் கஸ்டீல் இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு முடியைக் கைகழுவினார். கணக்குப் பாருங்கள், ஒரு மகள் இந்தப் பக்கம், ஒரு மகள் அந்தப் பக்கம்.

உப்புவெளிக்காரன்:
சரி சேர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கஸ்டீலுக்குப் பின்னால் பிரான்ஸ் நின்றதையும் சொல்லுங்கள். இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய நூற்றாண்டுப் போரில் பிரான்ஸுக்குக் கஸ்டீல் கப்பல்கள் தேவைப்பட்டன. 1372இல் லா ரொஷெலில் ஆங்கிலேயக் கப்பற்படையை முறித்ததே கஸ்டீல்தான். அதனால்தான் இங்கிலாந்துக்குப் போர்த்துக்கல் தேவைப்பட்டது. அப்போது போப்பாண்டவரே இரண்டு பேர், அந்த விஷயத்திலும் அப்படித்தான், கஸ்டீலும் பிரான்ஸும் அவிஞோன் போப், இங்கிலாந்தும் ஜுவாவும் ரோமாபுரிப் போப்.

பாலையூற்றுப் பேரன்:
பறங்கி வீட்டுப் பிள்ளை என்பதால் நானும் ஒரு சொல் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விழுந்ததும் கல்யாணத்தால்தான்.

1411இல் கஸ்டீலோடு சமாதானம், 1415இல் செயுட்டாவைப் பிடித்து ஆபிரிக்காப் பக்கம் திரும்பினார்கள். 1479இல் அல்காசோவாஸ் ஒப்பந்தத்தில் போர்த்துக்கல் சொன்னது: கஸ்டீல் முடி வேண்டாம், கானரித் தீவுகளும் வேண்டாம், கினியாக் கரை எங்களுக்கு. அந்த ஒப்பந்தத்துக்குப் பிணையாக இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் மோரா என்ற எல்லைக் கோட்டையில் ஒன்றாக வளர்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் பணயம்! பிறகு அந்த இரண்டு பேருக்கும் கட்டிவைத்தார்கள், போர்த்துக்கல் பெடியன் 1491இல் குதிரையால் விழுந்து செத்தான். அதே கஸ்டீல் பெண் இஸபெல்லை அடுத்த அரசர் மனுவேல் கட்டினார். அவள் பிரசவத்தில் போய்விட்டாள், பிறந்த மிகேல் என்ற பிள்ளை போர்த்துக்கல், கஸ்டீல், அரகோன் மூன்றுக்கும் வாரிசு. இரண்டு வயது முடிய முதலே 1500இல் அதுவும் போய்விட்டது. அந்தப் பிள்ளை தப்பியிருந்தால் லிஸ்பன் ராசா ஸ்பெயினை ஆண்டிருப்பான்.

நடந்தது மறுபக்கம். 1578இல் செபஸ்தியாவ் அரசர் மொரோக்கோச் சண்டையில் பிள்ளை இல்லாமல் செத்தார், 1580இல் மனுவேலின் மகள் வயிற்றுப் பேரன், ஸ்பெயின் இரண்டாம் பிலிப், முடியை எடுத்துக்கொண்டார். வின்ட்சர் ஒப்பந்தம் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஸ்பெயினின் எதிரியெல்லாம் போர்த்துக்கலுக்கும் எதிரி, ஒல்லாந்தர் இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றுசில்லு:
அப்போ அந்த மனிதர் சொன்னது பொய் இல்லை.

பாலையூற்றுப் பேரன்:
பொய்யே இல்லை. நம்முடைய கோட்டை எழும்பும்போது ஸ்பெயினில் நான்காம் பிலிப், போர்த்துக்கலில் மூன்றாம் பிலிப், ஆள் ஒன்றுதான். 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 1, லிஸ்பனில் எழும்பி ஸ்பெயின்காரனைத் துரத்திவிட்டார்கள். ஆனால் கோயிலை உடைத்தது போர்த்துக்கேயர்தான், அண்ணா. அடுத்த முறை அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.