தமிழ்வழியில் படித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வேதியியல் படிக்கச் செல்கிறேன். கல்லூரி திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கடையம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்காசி மாவட்டம் கடையத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலேயே படித்தேன். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இளநிலை வேதியியலுக்கு இடம் கிடைத்து, முதல் பருவக் கட்டணத்தையும் கட்டிவிட்டோம். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா செங்கல் சூளை வேலைக்குச் செல்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் முதல் ஆள் நான்தான். ஆகையால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை.

வகுப்புகள் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண்தான் எடுத்தேன், ஆனால் அந்தப் பாடத்தையே ஆங்கிலத்தில் சொன்னால் எனக்குப் புரியுமா என்று அச்சமாக இருக்கிறது. நெல்லையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ஒரு மாதம் சேரலாமா என்று அப்பா கேட்கிறார். விடுதியில் தங்குவதா, கீழக்கடையத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவதா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. வேறு எதையெல்லாம் இப்போதே செய்து வைக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொருநைக்கரை ஆசிரியர்:

வாழ்த்துகள், அம்மா. நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உன்னைப் போலத் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து, முதல் மாதம் முழுவதும் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாணவிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்த பாடத்தை வேறு பெயரில் கேட்கும்போது அதைத் தெரியாத பாடம் என்று எண்ணிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பேச்சுப் பயிற்சிக்குக் கட்டும் பணத்தைக் கையில் வைத்துக்கொள். உனக்கு இப்போது தேவைப்படுவது வேதியியல் ஆங்கிலமே. அதற்கு உன்னிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் மேல்நிலை வகுப்பு வேதியியல் புத்தகம். தமிழ்வழிப் புத்தகமும் ஆங்கிலவழிப் புத்தகமும் ஒரே பாட வரிசையில், ஒரே படங்களுடன், ஒரே கணக்குகளுடன் இருப்பவை. இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். நீ ஏற்கெனவே படித்து முடித்த ஒரு பாடத்தை எடுத்து, தமிழ்ப் புத்தகத்தை இடப்பக்கமும் ஆங்கிலப் புத்தகத்தை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் படி. அகராதியைத் தேடி ஓட வேண்டியதில்லை, ஏனெனில் பொருள் உனக்கு முன்பே தெரியும். ஆக்சிஜனேற்றம் எங்கே வருகிறதோ அங்கே ஆக்சிடேஷன் இருக்கும், வினைவேகமாற்றி இருக்கும் இடத்தில் கேட்டலிஸ்ட் இருக்கும். சமன்பாடுகள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே புரட்டுகிறார்கள். நீ பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கு. இளநிலை வேதியியலின் முதல் பருவம் பெரும்பாலும் அணு அமைப்பு, தனிமங்களின் ஆவர்த்தனப் பண்புகள், வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படைகள் என்றுதான் தொடங்கும். இவை அனைத்தும் பதினொன்றில் உள்ளவை. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அவசரத்தில் பலருக்கும் மறந்துபோன பகுதிகளும் இவையே. அணைவுச் சேர்மங்களும் மின்வேதியியலும் பின்னால் வரும். அவற்றை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

படிப்பதோடு நிறுத்தாமல் எழுதவும் வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு மூன்று மணி நேரம் கையால் எழுதுவது. வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளைகள்கூட ஆங்கிலத்தில் கை ஓடாமல் நேரத்தை இழக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் நான்கைந்து வரையறைகளைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதிப் பழகு. வேதியியல் விடைக்கு அலங்கார நடை எதுவும் தேவையில்லை. வரையறை, சமன்பாடு, படம், எடுத்துக்காட்டு ஆகியவை வரிசையாக இருந்தால், சிறு சிறு வாக்கியங்களில் எழுதிய விடைக்கும் திருத்துபவர் முழு மதிப்பெண் தருவார்.

பெரும்பாலான தாள்களில் 25 மதிப்பெண் உட்தேர்வுக்கும் 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கும் என்பதால், ஆகஸ்டு மாதம் வரும் முதல் உட்தேர்வைப் பள்ளி மாதத் தேர்வைப் போல எண்ணிவிடாதே. இன்னொன்று, அறிவியல் மாணவர்கள் முதன்மைப் பாடத்தில் தேறிவிட்டு, இரண்டாம் பகுதியான ஆங்கிலத் தாளில் அரியர் வைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டு வரை இழுத்தடிப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தாளால் பட்டமே தள்ளிப்போகும்.

பேட்டை அக்கா:

தங்கைக்கு வணக்கம். நானும் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து படித்தவள். ஐயா சொன்ன படிப்பு விஷயத்தில் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் பேச்சுப் பயிற்சியை அவர் ஒரேயடியாகத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆசிரியரிடம் எழுந்து ஒரு சந்தேகத்தை ஆங்கிலத்தில் கேட்கும் துணிவு இல்லாததால்தான் பல பெண்கள் மூன்று ஆண்டும் வாய் திறக்காமலே பட்டம் வாங்கிச் செல்கிறார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. உன் வகுப்பில் உன்னைப் போன்ற இன்னொரு பெண் நிச்சயம் இருப்பாள், அவளுடன் நாள்தோறும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்திலேயே பேசிப் பழகு. தமிழில் கேட்டாலும் விளக்கம் சொல்லும் ஆசிரியர்கள் நம் ஊர்க் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்.

விடுதியா, ரயிலா என்ற கேள்விக்கு என் பதில், வாய்ப்பிருந்தால் முதல் ஆண்டு மட்டுமாவது விடுதியில் இரு என்பதே. கீழக்கடையத்திலிருந்து நெல்லைச் சந்திப்பு வரை ரயில், அங்கிருந்து பாளைக்கு நகரப் பேருந்து என்று போனால், வீடு திரும்பும்போது விளக்கேற்றும் நேரம் தாண்டிவிடும். வேதியியலுக்கு ஆய்வக நாள்கள் வேறு இருக்கின்றன. சோதனை முடியும் முன்பே ரயிலைப் பிடிக்க ஓடினால் அது அரைகுறையாகவே நிற்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நானும் பீடி சுற்றும் வீட்டிலிருந்து வந்தவள் என்பதால் சொல்கிறேன். வீட்டில் இருந்தால் மாலையில் பீடித் தட்டு உன் மடிக்கு வராமல் இருக்காது. அம்மா கேட்கவே மாட்டார். ஆனால் அவர் தனியாக இலை வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிக்க நமக்கு மனம் வராது. விடுதியில் சேர்வது அம்மாவைக் கைவிடுவது ஆகாது. அரசு நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்னும் தூர விதியும் மாணவியருக்குப் பொருந்தாது. இடங்கள் குறைவு என்பதால், கல்லூரி திறந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திராமல் இப்போதே விசாரித்துவிடு.

தச்சநல்லூர் அண்ணாச்சி:

நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசியில் என் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறேன்: சான்றிதழ் வேலையைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே முடித்துவிடம்மா.

வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பித்துவிடு. முதல் பட்டதாரிச் சலுகை பெரும்பாலும் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விக்கானது என்றாலும், சான்றிதழைக் கையில் வைத்திருப்பதில் நட்டம் இல்லை. மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் இருபுறமும் நகல் எடுத்து வைத்துக்கொள். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் உன் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சரிபார். உதவித்தொகை வராமல் நிற்பதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உனக்கு உண்டு. இதற்கு விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும், வேறு உதவித்தொகை பெறுவதும் இதற்குத் தடையில்லை. உன் பகுதியில் பலர் கோட்டைவிடும் இன்னொன்று, பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம் வழங்கும் கல்வி உதவித்தொகை. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்பை ஆங்கிலவழியில் முடித்தால் பட்டம் தேவைப்படும் பணிகளில் அந்த முன்னுரிமையைக் கோர முடியாது. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 போன்ற தேர்வில் கோரலாம். இதற்காக வேதியியலை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. தமிழ்வழிச் சான்றிதழை உன் பள்ளித் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கி வைத்துக்கொள் என்கிறேன். பள்ளி மாறிப் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு மாணவி:

அண்ணாச்சியும் அக்காவும் வெளியில் உள்ளதைச் சொன்னார்கள், நான் வகுப்பறைக்குள் இருப்பதைச் சொல்கிறேன். பகடிவதை (ராகிங்) குறித்து அதிகம் அஞ்ச வேண்டாம். 1997 முதல் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது, புகார் செய்ய 1800-180-5522 என்னும் எண்ணும் இருக்கிறது. நம் பகுதியில் நீ எதிர்கொள்ளப்போவது வேறொன்று, சாதியை அறிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி.

முதல் வாரத்தில் உன்னிடம் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். சொன்னவுடன் "ஊரில் எந்தத் தெரு?" என்பார்கள். அதற்கும் பதில் சொல்லிவிட்டால் உன்னை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அதன் பிறகு யாருடன் சாப்பிடுகிறாய், ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறுகிறாய், எந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாய் என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது, அக்குழுவும் மறு ஆண்டு அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதி அடையாளமாகப் பேசப்பட்ட கைக்கயிறு கல்லூரிக்கு வரும்போது அவிழ்ந்துவிடுவதில்லை. பெண்கள் பக்கம் கயிறு குறைவாக இருக்கலாம், ஆனால் கேள்வி அதேதான்.

நான் கண்ட வழி எளிமையானது. தெருவைக் கேட்டால் "ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அவர்களுடைய ஆய்வகக் குறிப்பேட்டைப் பற்றிக் கேட்பேன். சண்டையும் இல்லை, பதிலும் இல்லை. வேதியியல் துறையில் ஆய்வகத்தில் பதிவெண் வரிசைப்படித்தான் நிறுத்துவார்கள்; பியூரெட்டைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணே பெரும்பாலும் கடைசி வரை தோழியாக இருப்பாள். அந்த வரிசையை நீயாக மாற்றிக் கேட்காதே.

கடையம் மாணவி:

அனைவருக்கும் மிக்க நன்றி. பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை இன்று பதிவிறக்கினேன். அணு அமைப்புப் பாடத்தில் முதல் ஐந்து பக்கம் தமிழ்ப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படித்தபோது, நினைத்த அளவுக்குக் கடினமாக இல்லை. அம்மாவிடம் அடையாள அட்டை இருக்கிறது. விடுதியைப் பற்றிப் பேசியதற்கு அம்மா சரி என்றார், அப்பாதான் யோசிக்கிறார். விடுதியில் இடம் கிடைக்கும் வரை ரயிலில் சென்று வர வேண்டியிருந்தால், மாணவியருக்குச் சீசன் சீட்டில் சலுகை உண்டா?

தச்சநல்லூர் அண்ணாச்சி:

உண்டு. பட்டப்படிப்பு முடியும் வரை மாணவியருக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்புச் சீசன் சீட்டை ரயில்வே இலவசமாகவே தருகிறது. அதற்கான படிவத்தில் கல்லூரி முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும் என்பதால், கல்லூரி திறக்கும் அன்றே அலுவலகத்தில் கேட்டுவிடு. அது கைக்கு வரும் வரை சாதாரணச் சீட்டு எடுத்துத்தான் போக வேண்டியிருக்கும். சந்திப்பிலிருந்து பாளைக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்பா விடுதிக்கு ஒப்புக்கொள்ளவில்லையென்றால், சேருவதற்கு முன் ஒருநாள் அவரையும் அம்மாவையும் விடுதிக்கு அழைத்துச் சென்று காப்பாளரோடு பேசவை.

பேட்டை அக்கா:

அண்ணாச்சி சொன்னதைச் செய். ரயிலில் செல்லும் நாள்களில் ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். வரையறைகளை மட்டும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போ. காலையில் சேரன்மகாதேவிக்குப் பிறகு கூட்டம் ஏறிவிடும், அதற்கு முன் படித்துவிடலாம்.